ரேம் போடச் சொல்லி வருகிறவர்களுக்கு

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர், என்ன கோளாறு என்று சொல்வதற்கு முன்பே என்ன போட வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். "எண்ணே, எனக்க சிஸ்டம் கிடந்து இழையுது. எட்டு ஜிபி ரேம் ஒண்ணு போட்டுத் தாங்க." ரேம் என்பது மெஷின் ஓடும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம். அது மலிவாகக் கிடைத்த காலத்தில் இதில் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. 2025 கடைசியில் ஏஐ சர்வர்களுக்கு மெமரி சிப்புகள் மொத்தமாகப் போகத் தொடங்கி, நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் போடுகிற சாதாரண ரேமின் விலையும் கிடுகிடுவென்று ஏறிவிட்டது. இப்போது தேவையில்லாமல் ஒன்று வாங்கிப் போடுவது கையைக் கடிக்கிற காரியம். ரேம் எப்படி வேலை செய்கிறது என்று ஓரளவு தெரிந்தால், எது அதன் குற்றம், எது இல்லை என்பதை வீட்டில் உட்கார்ந்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

டிஸ்கில் சேமித்து வைத்திருக்கும் எதையும், வேலையைச் செய்கிற சிப்பான பிராசசர் நேரடியாகத் தொடுவதில்லை. வேர்டு ஆகட்டும், போட்டோஷாப் ஆகட்டும், ஒரு கல்யாணப் படம் ஆகட்டும், எல்லாம் முதலில் ரேமுக்கு வந்தாக வேண்டும். அங்கிருந்துதான் பிராசசர் எடுக்கும், திருத்தியதையும் அங்கேதான் வைக்கும். (பிராசசருக்குள்ளேயே கேஷ் என்று இன்னும் வேகமான, மிகச் சின்ன நினைவகம் ஒன்று உண்டு. அதை நாம் மாற்ற முடியாது, எனவே இங்கே விட்டுவிடுகிறேன்.) ரேமில் கேட்ட தகவல் வந்து சேர ஏறக்குறைய 100 நானோ செகண்ட் ஆகும். எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் டிஸ்க்) என்றால் 100 மைக்ரோ செகண்ட் அளவில், அதாவது ஆயிரம் மடங்கு. சுழல்கிற பழைய ஹார்ட் டிஸ்க்கில் 10 மில்லி செகண்ட்வரை போகும். ரேமோடு ஒப்பிட்டால் லட்சம் மடங்கு.

நீங்கள் திறந்து வைத்திருப்பதெல்லாம் ரேமில் கொள்ளாமல் போனால் விண்டோஸ் உடனே நின்றுவிடாது. கொஞ்ச நேரமாகத் தொடாத பகுதிகளை 4 கேபி அளவுள்ள பக்கங்களாக எடுத்து, டிஸ்கில் பேஜ் ஃபைல் என்ற கோப்பில் கொண்டு வைக்கும். மறுபடி தேவைப்பட்டால் திரும்பக் கொண்டுவரும். வேலை நடக்கும், ஆனால் நானோ செகண்டில் முடிய வேண்டியது மில்லி செகண்டில் முடியும். டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும், மவுஸ் அம்பு விட்டு விட்டு நகரும். "சவம் அனங்க மாட்டேங்கு" என்று சொல்லிக்கொண்டு மெஷினைத் தூக்கி வருவது இந்தக் கட்டத்தில்தான்.

இதில் பலருக்குப் பிடிபடாத ஒன்று இருக்கிறது. ரேமைக் கூட்டக் கூட்ட வேகம் கூடிக்கொண்டே போகாது. உங்கள் வேலைக்கு மொத்தம் 5 ஜிபி போதும் என்றால், 8 ஜிபியை 16 ஆக்கினாலும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் வராது. வேலைக்கு 9 ஜிபி தேவைப்பட்டு உங்களிடம் 8 இருந்தால், அந்தக் குறைகிற ஒரு ஜிபிதான் நாள் முழுக்க உயிரை வாங்கும். எனவே யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, மெதுவாக இருக்கிற நேரத்தில் என்னென்ன திறந்து வைத்திருந்தீர்கள் என்பதுதான். கடையில் கொண்டுவந்து சும்மா ஆன் செய்து காட்டினால் எல்லா மெஷினும் நன்றாகத்தான் ஓடும்.

வீட்டில் பார்ப்பது சுலபம். வழக்கமான வேலையை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைச் சொடுக்குங்கள். மேலே தெரியும் சதவீதத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 60, 70 என்று இருப்பது சாதாரணம். 'அவைலபிள்' என்று இருப்பது ஒரு ஜிபிக்கும் கீழே போய், 'கமிட்டட்' (திறந்திருப்பவை கேட்டு வாங்கிய மொத்த நினைவகம்) என்பதில் முதல் எண் உங்கள் ரேமின் அளவை நன்றாகத் தாண்டி, அதே நேரம் பக்கத்தில் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால், அது ரேம் பற்றாக்குறை. சந்தேகமே வேண்டாம். அவைலபிள் 3 ஜிபி இருக்கிறது, டிஸ்க் மட்டும் 100 என்றால் ரேமை விட்டுவிடுங்கள். ஹார்ட் டிஸ்க் பழசாகிவிட்டது, அல்லது பின்னால் அப்டேட்டோ வைரஸ் ஸ்கேனோ ஓடுகிறது. அங்கேயே 'கேஷ்டு' என்று ஒரு எண் இருக்கும். முன்பு திறந்த கோப்புகளை, சும்மா கிடக்கிற ரேமில் விண்டோஸ் வைத்திருக்கிறது, கேட்டால் உடனே காலி செய்து கொடுத்துவிடும். அதைத் துடைக்கிறேன் பேர்வழி என்று கிளம்பும் 'ரேம் கிளீனர்' மென்பொருள்களால் ஒரு லாபமும் இல்லை. துடைத்ததை விண்டோஸ் மறுபடி டிஸ்கிலிருந்து படிக்க வேண்டியிருக்கும்.

பழைய டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 32 பிட் விண்டோஸ் போட்ட மெஷின்கள் இன்னும் நம் பக்கம் ஓடிக்கொண்டிருக்கின்றன. 32 பிட்டில் எண்ண முடிகிற முகவரிகள் 2-இன் 32 அடுக்கு, அதாவது 429 கோடியே சொச்சம். ஒரு முகவரிக்கு ஒரு பைட் என்பதால் 4 ஜிபியோடு கணக்கு முடிந்தது. அதிலும் ஒரு பங்கை டிஸ்ப்ளே கார்டு போன்றவை எடுத்துக்கொள்ளும், மூன்றே கால், மூன்றரை என்றுதான் கைக்கு வரும். அந்த மெஷினில் 8 ஜிபி போட்டால் பாதிக்கு மேல் சும்மா கிடக்கும். முதலில் 64 பிட் விண்டோஸ் போட வேண்டும், அதன் பிறகுதான் ரேம்.

ரேம் உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் எங்கள் கடையைப் பொறுத்தவரை கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டுடியோக்காரர்கள். தவக்காலம் முடிந்து ஈஸ்டர் கழிந்ததும் மார்த்தாண்டம், கருங்கல் பக்கமெல்லாம் கல்யாணம் களைகட்டும். அதோடு கூடவே போட்டோஷாப் தொங்குகிறது என்ற புலம்பலும் வந்துவிடும். ஒரு ஸ்டுடியோக்காரர், பழைய கல்யாணப் படங்களை எல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றி, டிஸ்கில் பாதிக்கு மேல் காலி செய்துவிட்டு வந்தார். "இவ்வளவு எடம் கெடக்கு, பிறகும் ஏன் தொங்குது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் டிஸ்கில் உள்ள இடம் வேறு, ரேமில் உள்ள இடம் வேறு. ஒவ்வொரு படமும் 10 எம்பிதானே, இருபது படம் திறந்தால் 200 எம்பி, 8 ஜிபி ரேமுக்கு இது என்ன பெரிய சுமை என்பது அவர் போட்ட கணக்கு.

அந்த 10 எம்பி, ஜேபெக்கில் சுருக்கி வைத்திருக்கும்போது உள்ள அளவு. திறந்தவுடன் படம் முழுசாக விரியும். 24 மெகாபிக்சல் கேமரா என்றால் அகலம் 6000, உயரம் 4000. மொத்தம் 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். ஒரு படம் ரேமில் 72 எம்பி. இருபது படம் திறந்தால் 1.4 ஜிபி தாண்டிவிடும். ஆல்பம் ஷீட்டுக்கு வாருங்கள். 12-க்கு 36 இன்ச், 300 டிபிஐ, அதாவது ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி. 3600 பெருக்கல் 10800, அதை மூன்றால் பெருக்கினால் ஒரு முழு லேயருக்கு 11 கோடியே 66 லட்சம் பைட், சுமார் 117 எம்பி. பின்னணி ஒன்று, அதன் மேல் பூ டிசைன், மங்கலான பெரிய படம், நிழல், ஓரங்கட்டு என்று லேயர் லேயராக அடுக்குவார்கள். போதாததற்கு ஹிஸ்டரியில் முந்தைய நிலைகளையும் போட்டோஷாப் பத்திரமாக வைத்திருக்கும். இப்படி நாலைந்து ஷீட்டை ஒரே நேரத்தில் திறந்து வைத்து, பக்கத்தில் குரோமில் பாட்டும் ஓடினால் 8 ஜிபி எங்கே தாங்கும்? மிஞ்சியதைப் போட்டோஷாப் தன்னுடைய ஸ்கிராட்ச் டிஸ்கில் எழுதத் தொடங்கும். அவர் மெஷினில் அந்த ஸ்கிராட்ச் டிஸ்க், விண்டோஸ் இருக்கிற அதே பழைய ஹார்ட் டிஸ்க்.

அவருக்கு 16 ஜிபி சொன்னேன், அதோடு ஒரு எஸ்எஸ்டி. ஸ்கிராட்ச் டிஸ்க்கை எஸ்எஸ்டிக்கு மாற்றி, ஹிஸ்டரி ஸ்டேட்ஸை 20-க்குக் குறைத்து, ஒரு ஷீட்டை முடித்து மூடிவிட்டு அடுத்ததைத் திறக்கும்படி சொல்லி அனுப்பினேன். கடைசியில் சொன்னதற்குக் காசு வாங்க முடியாது, ஆனால் பாதிப் பலன் அதில்தான்.

4 ஜிபி ரேமும் ஹார்ட் டிஸ்க்கும் உள்ள பழைய மெஷின், கையில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் எதை முதலில் மாற்றுவது? பத்திரம் டைப் செய்கிறவர், இ-சேவை மையம் வைத்திருப்பவர், ஆன்லைன் வகுப்பு எடுக்கும் ஆசிரியர் இவர்களுக்கெல்லாம் என் பதில் எஸ்எஸ்டி. ரேம் நிறைந்து வழிந்தாலும் வழிகிற இடம் நூறு மடங்கு வேகமாக இருக்கும், மெஷின் ஆன் ஆவதும் சீக்கிரம் ஆகும். பிறகு காசு சேர்ந்ததும் 8 ஜிபி ஆக்கிக்கொள்ளலாம். இதில் மாற்றுக்கருத்து உள்ள மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள், நான் சம்மதிக்க மாட்டேன்.

இனி, ஆனே ஆகாத மெஷின்கள். ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், திரையில் ஒன்றும் வராது. சிலவற்றில் பீப் பீப் என்று சத்தம் வரும். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி என்று கடலை ஒட்டிய ஊர்களிலிருந்து இந்தக் கேஸ் அதிகம். குறிப்பாகக் கோடை விடுமுறையில் மூடிக் கிடந்த டியூஷன் சென்டர் மெஷின்கள் ஜூன் மாத மழையோடு திறக்கும்போது. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் உள்ளே கொஞ்சம் சூடு இருப்பதால் ஈரம் தங்காது, மூடிக் கிடந்தால் உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து உட்கார்ந்துகொள்ளும். ரேமின் அடியில் வரிசையாகத் தெரிகிற பொன்னிறப் பட்டைகள் தங்க முலாம்தான், தங்கம் கறுக்காது. ஆனால் முலாம் மிக மெல்லியது, தேய்ந்த இடத்தில் அடியிலுள்ள நிக்கலும் செம்பும் வெளியே வரும். டிடிஆர்4 என்ற தலைமுறை டெஸ்க்டாப் ரேமில் இப்படி 288 பட்டைகள். அதில் ஒன்று சரியாகத் தொடாவிட்டாலும் மெஷின் எழுந்திருக்காமல் போகலாம். இந்த நிலைமையில் புது ரேம் போட்டால் மெஷின் ஓடும், ஆனால் ஓடியதற்குக் காரணம் பழையதைக் கழற்றி வேறொன்றை அழுத்தி மாட்டியதுதான். பழைய ரேம் குப்பைக்குப் போயிருக்கும்.

எனவே காசு செலவழிக்கும் முன் கழற்றிச் சுத்தம் செய்து பாருங்கள். பிளக்கை உருவிவிட்டு, பவர் பட்டனை சில விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்சமிருக்கும் மின்சாரம் வடியட்டும். கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒரு தடவை தொடுங்கள், உடம்பில் சேர்ந்த ஸ்டேட்டிக் மின்சாரம் இறங்கட்டும். நம் ஊர் ஈரக்காற்றில் ஸ்டேட்டிக் குறைவுதான், ஏசி அறையில் அப்படிச் சொல்ல முடியாது. இரண்டு பக்கக் கொக்கியையும் விலக்கி, ரேமை ஓரத்தில் பிடித்து எடுங்கள், பட்டைகளில் விரல் படக் கூடாது. ஐசோபிரப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில்லாத துணியில் தொட்டுத் துடைப்பது நல்லது. எல்லோரும் செய்கிற ரப்பர் அழிப்பானை நான் கடைசியில்தான் எடுப்பேன், அதுவும் வெள்ளை ரப்பர், மெதுவாக. உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக் கொண்டுவந்தவர்களும் உண்டு, தங்கம் மொத்தமும் போய்விடும். ஸ்லாட்டுக்குள் வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும், பிரஷ் போதும். திரும்ப மாட்டும்போது கொக்கி 'டக்' என்று விழ வேண்டும். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு, பிறகு மற்றதை மட்டும் போட்டு, பிறகு ஸ்லாட்டை மாற்றிப் பாருங்கள். கெட்டது ரேமா ஸ்லாட்டா என்று அதில் தெரிந்துவிடும்.

மெஷின் ஆன் ஆகிறது, ஆனால் காரணமில்லாமல் நீலத் திரை வருகிறது, காப்பி செய்த ஜிப் கோப்பு திறக்கவில்லை, இன்ஸ்டால் பாதியில் நிற்கிறது என்றால் சோதனை வேண்டும். விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் இருக்கிறது. அது போதாது என்று தோன்றினால் மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேமை நம்பாதீர்கள். "ஒண்ணுதானே, பரவாயில்ல" என்று விட்டுவிட்டால், அந்தப் பிழை எந்தக் கோப்பில் போய் உட்காரும் என்று யாருக்கும் தெரியாது.

ரேம் ஏன் இவ்வளவு நொய்ந்த பொருள் என்பதற்கு அதன் உள்ளமைப்புதான் காரணம். 1966-இல் ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டென்னார்ட் என்ற பொறியாளர், ஒரு பிட்டை (1 அல்லது 0) வைக்க, சுவிட்ச் போன்ற ஒரு டிரான்சிஸ்டரும் மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும் ஒரு கெப்பாசிட்டரும் போதும் என்று கண்டுபிடித்தார். 1968-இல் காப்புரிமை கிடைத்தது. இன்றைய ரேமும் அதே அமைப்புதான். கெப்பாசிட்டரில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. சிக்கல் என்னவென்றால் அந்த மின்னூட்டம் தானாகக் கசிந்துகொண்டே இருக்கும். குலசேகரம் பக்கம் ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டுகிற சிரட்டையில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால், நிறைத்து வைத்த தண்ணீர் என்ன ஆகும்? கொஞ்ச நேரம் போனால் நிறைத்ததா காலியா என்றே சொல்ல முடியாது. அந்தக் குழப்பம் வருவதற்குள் ஒவ்வொன்றையும் பார்த்து, நிறைந்திருந்ததை மறுபடி நிறைக்க வேண்டும். டிடிஆர்4 ரேமில் எல்லா வரிசைகளையும் 64 மில்லி செகண்டுக்குள் ஒரு தடவை இப்படிப் புதுப்பித்துவிடுகிறார்கள். சிப்பின் சூடு 85 டிகிரி தாண்டினால் கசிவு கூடும், 32 மில்லி செகண்டுக்குள் முடிக்க வேண்டும். ஒரு 8 ஜிபி ரேமில் இப்படிப்பட்ட கெப்பாசிட்டர்கள் 6,800 கோடிக்கும் மேல்.

மின்சாரம் போனால் இந்தப் புதுப்பிக்கும் வேலை நின்றுவிடும், ரேமில் இருந்தது போய்விடும். நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் உண்டு. மரம் கம்பியில் சாய்வதற்கு வருஷத்தில் இரண்டு சீசன். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது கம்பங்கள் விழுந்து பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டரில் மெஷினை ஓட்டியவர்கள் எழுந்து போகும்போது ஸ்லீப்பில் போட்டுவிட்டுப் போவார்கள். ஸ்லீப்பில் ரேமுக்குத் தொடர்ந்து மின்சாரம் தேவை. ஜெனரேட்டரை அணைத்தால் சேமிக்காத வேலை காலி. ஹைபர்னேட் அப்படியில்லை, ரேமில் இருப்பதை டிஸ்கில் எழுதிவிட்டுத்தான் அணையும். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் ஹைபர்னேட்டை மெனுவில் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். வேர்டில் ஆட்டோ ரெக்கவரி வழக்கமாகப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை என்று இருக்கும், அதை இரண்டாக்கிவிடுங்கள். யூபிஎஸ் பேட்டரி செத்துப் போய்ச் சும்மா அலங்காரத்துக்கு இருக்கிறதா என்று மழை தொடங்கும் முன் ஒரு தடவை மெயினை அணைத்துச் சோதித்தும் பாருங்கள்.

மணவாளக்குறிச்சிக்காரர் ஒருவர் கேட்ட கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அங்கே கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது, அதில் தோரியம் இருக்கிறது, இந்தக் கதிர்வீச்சில் கம்ப்யூட்டர் கெடுமா என்று கேட்டார். சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை. 1970-களின் கடைசியில் இன்டெல் நிறுவனத்தின் மெமரி சிப்புகளில் பிட்டுகள் காரணமில்லாமல் மாறின. டிமோதி மே, முர்ரே வுட்ஸ் என்ற இருவர் ஆராய்ந்து, சிப்பைச் சுற்றியிருந்த பீங்கான் உறையில் கலந்திருந்த யுரேனியம், தோரியம் துணுக்குகளிலிருந்து வந்த ஆல்ஃபா துகள்கள்தான் காரணம் என்று 1978-இல் அறிவித்தார்கள். ஆனால் ஆல்ஃபா துகளை ஒரு தாள் தடுத்துவிடும், காற்றில் சில சென்டிமீட்டர்தான் போகும். உறைக்குள்ளேயே இருந்ததால்தான் அங்கே அது கெடுதல் செய்தது. வெளியே மணலில் இருந்து கிளம்பும் ஆல்ஃபா, மேசைமேல் இருக்கும் கம்ப்யூட்டரின் சிப்பை எட்டாது. அவர் மெஷினில் இருந்த கோளாறு பட்டையில் படிந்த உப்பு. பேங்க் சர்வர்களில் இத்தகைய தவறுகளுக்காகவே இசிசி ரேம் போடுகிறார்கள். 64 பிட்டுக்கு 8 பிட் கூடுதலாக வைத்து, ஒரு பிட் மாறினால் தானே திருத்திக்கொள்ளும். வீட்டுக்கு அது வேண்டாம்.

கடைசியாக, வாங்கத்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டால். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றுக்கு இன்னொன்று பொருந்தாது. நடுவிலுள்ள வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருக்கும், மின்னழுத்தமும் 1.5, 1.2, 1.1 வோல்ட் என்று வேறு வேறு. 2666 வேக ரேமோடு 3200 சேர்த்தால் இரண்டும் 2666-இல்தான் ஓடும், அது பெரிய குற்றமில்லை. இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே அளவு ரேம் இருந்தால் இரட்டைப் பாதையில் தகவல் போகும். டிடிஆர்4 3200 என்றால் பாதை ஒன்றுக்கு விநாடிக்கு 25.6 ஜிபி, இரண்டுக்கும் அதன் இரு மடங்கு. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் இதன் பலன் நன்றாகத் தெரியும், ஏனென்றால் திரைக்கும் அதே ரேமிலிருந்துதான் தகவல் போக வேண்டும்.

லேப்டாப் என்றால் கடைக்குக் கிளம்பும் முன் டாஸ்க் மேனேஜரில் அதே மெமரி பக்கத்தின் அடியில் பாருங்கள். 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்பதில் இரண்டில் ஒன்று என்று இருந்தால் இன்னொன்று போட இடம் இருக்கிறது. 'ஃபார்ம் ஃபேக்டர்' என்பதில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று வந்தால் ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதைக் கழற்றி மாற்ற முடியாது, காலி ஸ்லாட் ஒன்று தனியாக இருந்தால் மட்டும் கூட்டலாம். மெல்லிய புது மாடல்களில் பலவற்றில் அந்த ஸ்லாட்டும் இருக்காது. எனவே பிள்ளையை இன்ஜினியரிங் சேர்க்கும்போது லேப்டாப் வாங்குகிறவர்கள், நாலு வருஷத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அந்த ரேமோடு முதலிலேயே வாங்கிவிடுங்கள். என்னிடம் பிறகு கொண்டுவந்தால் நான் செய்ய ஒன்றும் இருக்காது.